வெட்டுவதை நிறுத்துவதா, நட்டதை எண்ணுவதா? நான்கு நாடுகளின் காட்டுக் கொள்கை

2004-ஆம் ஆண்டுக் கணக்கின்படி பிரேசிலின் அமேசான் பகுதியில் அழிக்கப்பட்ட காடு 27,772 சதுர கி.மீ. தமிழ்நாட்டின் மொத்தக் காட்டுப் பரப்பே சுமார் 26,400 சதுர கி.மீ.தான். நம் மாநிலத்தில் இருக்கும் அத்தனை காட்டையும்விடக் கூடுதலாக ஒரே வருடத்தில் சாய்த்திருந்தார்கள். எட்டு ஆண்டு கழித்து, 2012-இல், அந்தக் கணக்கு 4,571 சதுர கி.மீ.க்கு இறங்கியது. 2021-இல் மறுபடி 13,038. 2025-இல் 5,796.

ஒரே காடு, ஒரே மக்கள். இருபது வருடத்தில் இப்படி ஏறி இறங்கியிருக்கிறது என்றால் காட்டுக் கொள்கை என்பது வெறும் காகிதம் இல்லை என்றுதான் அர்த்தம். எந்தக் கொள்கை, எந்த இடத்தில் பிடித்தது என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம். பிரேசிலை விரிவாகவும், இந்தோனேசியா, கோஸ்டாரிகா, இந்தியா ஆகியவற்றை அதோடு ஒட்டியும் இங்கே பார்க்கிறேன்.

அதற்கு முன் ஒரு கணக்கு. மனிதர்கள் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நிலப் பயன்பாட்டை மாற்றுவதால் வருகிறது. அதில் பெரும்பகுதி வெப்பமண்டலக் காடழிப்பு. பழைய காட்டை வெட்டி எரித்தால் நூறு, இருநூறு வருடமாகச் சேர்ந்த கரிமம் சில நாளில் வானத்துக்குப் போய்விடும். அதே இடத்தில் கன்று நட்டால் அதைத் திரும்பப் பிடிக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். அதனால் வெட்டாமல் விட்ட ஒரு ஏக்கரையும் புதிதாக நட்ட ஒரு ஏக்கரையும் பருவநிலைக் கணக்கில் சமமாக வைக்கவே முடியாது. அரசுகள் பெரும்பாலும் சமமாக வைத்துவிடுகின்றன. நட்டால் படம் எடுக்கலாம், வெட்டாமல் விட்டதை எப்படிப் படம் எடுப்பது?

பிரேசில்: வானத்தில் கண், வங்கியில் கை

பிரேசிலின் விண்வெளி ஆய்வு நிறுவனமான இன்பே, 1988-இலிருந்து செயற்கைக்கோள் படங்களை வைத்து அமேசானில் ஆண்டுக்கு எவ்வளவு காடு முழுசாக வெட்டப்பட்டது என்று கணக்கெடுத்து வருகிறது. புரோடெஸ் என்பது அந்தக் கணக்கெடுப்பின் பெயர். துல்லியமானது, ஆனால் ஆண்டுக்கு ஒருமுறைதான். கணக்கு வெளிவரும்போது மரம் விற்றாகி, அந்த நிலத்தில் மாடு மேய்ந்துகொண்டிருக்கும்.

2003-இல் லூலா முதல் முறை அதிபரானபோது சுற்றுச்சூழல் அமைச்சராக வந்தவர் மரினா சில்வா. அக்ரே மாநிலத்தில் ரப்பர் பால் எடுக்கும் குடும்பத்தில் பிறந்தவர். 1988-இல் சுட்டுக் கொல்லப்பட்ட தொழிற்சங்கத் தலைவர் சிக்கோ மென்டிஸோடு சேர்ந்து போராடியவர். 2004-இல் அமேசான் காடழிப்பைத் தடுக்கும் செயல்திட்டம் வந்தது. அதைச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மூலையில் விட்டுவிடாமல் அதிபர் மாளிகையின் பொறுப்பிலேயே வைத்து, பத்துக்கும் மேற்பட்ட அமைச்சகங்களை அதில் கட்டிப்போட்டார்கள். அதே ஆண்டு இன்பே டெட்டர் என்ற இன்னொரு அமைப்பைத் தொடங்கியது. இது 15 நாளைக்கு ஒருமுறை படம் பார்த்து, 25 ஹெக்டேருக்கு மேல் புதிதாக வெட்டிய இடங்களை இபாமா என்ற சுற்றுச்சூழல் காவல் அமைப்புக்கு உடனே சொல்லும்.

இபாமா போட்ட அபராதங்களில் மிகச் சிறிய பங்குதான் வசூலானது. வழக்கு, மேல்முறையீடு, காலாவதி என்று இழுத்துக்கொண்டே போகும். இதெல்லாம் நமக்கும் தெரிந்த கதைதான். ஆனால் ஆட்கள் வெட்டிக்கொண்டிருக்கும்போதே போய் நின்றதால் டிராக்டர், ரம்பம், லாரி எல்லாம் பறிபோயின. நிலத்துக்கே தடை விழுந்தது. வலித்தது அங்கேதான்.

இந்த இடத்தில் ஒரு ஆட்சேபணையைச் சொல்லியாக வேண்டும். 2005, 2006-இல் சோயா விலையும் மாட்டிறைச்சி விலையும் விழுந்தன. காடழிப்பு குறைந்ததற்கு அதுதான் காரணம், கொள்கை இல்லை என்று வாதிட்டவர்கள் உண்டு. ஓரளவு உண்மை. விலை திரும்ப ஏறியதும் 2007-இல் 11,651 ஆக இருந்த கணக்கு 2008-இல் 12,911 ஆனது. ஆனால் அடுத்த ஆண்டே 7,464. அதன் பிறகு 2012 வரை இறங்குமுகம்தான். அந்த ஆண்டுகளில் சோயா உற்பத்தி குறையவில்லை, கூடியது.

2008-இல் நடந்தது இதுதான். ஒன்று, காடழிப்பு அதிகமுள்ள 36 நகராட்சிகளைப் பெயர் சொல்லிப் பட்டியல் போட்டார்கள். இரண்டு, அமேசான் பகுதியில் விவசாயக் கடன் வேண்டுமானால் நிலத்துக்கான ஆவணமும், சுற்றுச்சூழல் சட்டத்தை மீறவில்லை என்பதற்கான சான்றும் காட்ட வேண்டும் என்று நாட்டின் நாணயக் குழு விதி போட்டது. அந்த ஆண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. கூடவே, 2006-இல் பெரிய சோயா வியாபாரிகள், இனிமேல் காடு அழித்த நிலத்தில் விளைந்த சோயாவை வாங்க மாட்டோம் என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பிய வாடிக்கையாளர்களின் நெருக்குதலால் வந்த ஒப்பந்தம் அது. வனக்காவலரைச் சரிக்கட்டிவிடலாம், ஏமாற்றிவிடலாம். கடன் கொடுக்கும் வங்கி மேலாளரும் விளைச்சலை வாங்கும் கம்பெனியும் ஒரே நேரத்தில் கதவைச் சாத்தினால் போக்கிடம் கிடையாது.

பாரகோமினாஸ் என்ற ஊரில் இதைக் கிட்டத்தில் பார்க்கலாம். பாரா மாநிலத்தில், பெலேம் நகரையும் பிரேசிலியாவையும் இணைக்கும் நெடுஞ்சாலை ஓரம் முளைத்த ஊர். பாரா, கோயாஸ், மினாஸ் ஜெராயிஸ் என்று மூன்று மாநிலத்துப் பெயர்களை ஒட்டவைத்து ஊருக்குப் பெயர் வைத்தார்கள். குடியேறியவர்கள் அங்கிருந்து வந்தவர்கள். மரம் அறுக்கும் மில்களும் மாட்டுப் பண்ணைகளும்தான் பிழைப்பு. 36 ஊர்ப் பட்டியலில் இதுவும் இருந்தது. கடன் நின்றது, மரம் வாங்க ஆள் வரவில்லை. 2008 நவம்பரில், பழங்குடி நிலத்தில் திருட்டுத்தனமாக வெட்டிய மரத்தோடு லாரிகளை இபாமா பிடித்து வைக்க, ஒரு கூட்டம் திரண்டு போய் இபாமா அலுவலகத்துக்குத் தீ வைத்தது. பிடிபட்ட லாரிகளை ஓட்டிக்கொண்டு போனது.

அதற்கப்புறம் நகராட்சித் தலைவருக்கு இரண்டே வழி. மத்திய அரசோடு மல்லுக்கட்டுவது, இல்லாவிட்டால் பட்டியலிலிருந்து வெளியே வருவது. வெளியே வர நிபந்தனைகள் தெளிவாக இருந்தன: காப்பகம், பழங்குடி நிலம் நீங்கலாக ஊர் எல்லைக்குள் உள்ள நிலத்தில் 80 சதவீதம், பண்ணை வாரியாக எல்லை வரைந்து சுற்றுச்சூழல் பதிவேட்டில் ஏற வேண்டும், ஆண்டுக் காடழிப்பு 40 சதுர கி.மீ.க்குக் கீழே இருக்க வேண்டும். பண்ணையாளர் சங்கம், தொண்டு நிறுவனங்கள் எல்லாரையும் உட்கார வைத்துப் பேசி, பண்ணை பண்ணையாக அளந்து பதிவு செய்தார்கள். 2010-இல் பட்டியலிலிருந்து விடுபட்ட முதல் ஊர் பாரகோமினாஸ். ஊர்க்காரர்கள் திடீரென்று இயற்கைக் காதலர்கள் ஆகிவிட்டதாக நான் நம்பவில்லை. நிபந்தனை எட்டக்கூடியதாக இருந்தது, எட்டினால் கடன் திரும்பக் கிடைத்தது. கொள்கை வகுப்பவர்கள் பாடம் படிக்க வேண்டுமானால் இந்த ஊரில்தான் படிக்க வேண்டும்.

சரி, பிறகு ஏன் மறுபடி ஏறியது? 2012-இல் திருத்தப்பட்ட வனச் சட்டம், அமேசான் காட்டுப் பகுதியில் நிலம் வைத்திருப்பவர் அதில் 80 சதவீதத்தைக் காடாகவே விட வேண்டும் என்ற பழைய விதியை வைத்துக்கொண்டது. ஆனால் 2008 ஜூலைக்கு முன் சட்டத்தை மீறி வெட்டிய பலருக்கு மன்னிப்பும் கொடுத்தது. இப்போது வெட்டினால் நாளைக்கு இன்னொரு மன்னிப்பு வரும் என்ற எதிர்பார்ப்பு அப்போதே விதைக்கப்பட்டது. 2019-இல் பொல்சொனாரோ அதிபராக வந்தபின் செயல்திட்டம் கைவிடப்பட்டது, இபாமாவின் கை கட்டப்பட்டது. காடழிப்பு கூடுகிறது என்று இன்பே எண்களை வெளியிட, அதிபர் அவை பொய் என்றார். இன்பேயின் இயக்குநர் ரிக்கார்டோ கல்வாவோ வெளிப்படையாக எதிர்த்துப் பேசினார். 2019 ஆகஸ்டில் பதவி பறிபோனது. நார்வே, ஜெர்மனி பணத்தில் 2008-இலிருந்து நடந்துவந்த அமேசான் நிதி முடங்கியது.

இயக்குநரை நீக்கினார்களே தவிர புரோடெஸை நிறுத்த முடியவில்லை. ஒவ்வொரு ஆண்டும் எண் வெளிவந்துகொண்டேதான் இருந்தது, உலகம் பார்த்துக்கொண்டேதான் இருந்தது. 2023 ஜனவரியில் லூலாவும் மரினா சில்வாவும் திரும்பியபோது புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. பழைய திட்டத்தையே தூசி தட்டினார்கள். 2023-இல் ஒன்பதாயிரம் சொச்சம், 2024-இல் 6,288, அப்புறம் மேலே சொன்ன 5,796.

இந்த வெற்றிக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பக்கம் உண்டு. அமேசானுக்குத் தெற்கிலும் கிழக்கிலும் செர்ராடோ என்ற பெரிய புல்வெளிக் காடு இருக்கிறது. அங்கே பெரும்பாலான இடங்களில் நிலத்தில் 20 சதவீதத்தை மட்டும் விட்டால் போதும். மிச்சத்தை வெட்ட அனுமதி வாங்கிவிடலாம். சோயா ஒப்பந்தமும் அங்கே செல்லவில்லை. 2023-இல் அமேசானில் கணக்கு இறங்கிய அதே ஆண்டு செர்ராடோவில் 11,000 சதுர கி.மீ. போனது, அமேசானைவிட அதிகம். இன்னொன்று, புரோடெஸ் முழுசாக வெட்டியதைத்தான் எண்ணுகிறது. 2024 வறட்சியில் நின்ற நிலையிலேயே தீப்பிடித்து நலிந்த காடு அந்தத் தலைப்பு எண்ணில் முழுசாக வராது. கரிமம் மட்டும் போயே போய்விட்டது.

இந்தோனேசியா: சதுப்பில் நெல் போட்ட கதை

இந்தோனேசியாவில் பிரச்சினை மரத்தோடு நிற்பதில்லை, மண்ணிலும் இருக்கிறது. சுமத்ரா, கலிமந்தான் தீவுகளில் பல மீட்டர் ஆழத்துக்கு மக்காத தாவரக் கழிவு சேர்ந்த கரிச் சதுப்பு நிலங்கள் உண்டு. தண்ணீர் நிற்கும் வரை அது பத்திரம். வாய்க்கால் வெட்டி வடித்தால் காய்ந்து, மக்கி, ஒரு பொறி பட்டால் மாதக்கணக்கில் மண்ணுக்குள்ளேயே புகையும்.

அதிபராக இருந்த சுகார்த்தோ 1990-களின் நடுவில் மத்திய கலிமந்தானில் சுமார் பத்து லட்சம் ஹெக்டேர் சதுப்புக் காட்டை நெல் வயலாக்கும் திட்டம் போட்டார். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டினார்கள், ஜாவாவிலிருந்து ஆட்களைக் குடியேற்றினார்கள். அமில மண்ணில் நெல் வரவில்லை. 1997 வறட்சியில் அந்த இடம் எரிந்து, பக்கத்து நாடுகள்வரை புகை மூடியது. அவர் பதவி போனதும் திட்டமும் கைவிடப்பட்டது. வாய்க்கால்கள் மட்டும் அப்படியே கிடந்தன. 2015-இல் மறுபடி நாடு முழுக்க 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. உலக வங்கி போட்ட நஷ்டக் கணக்கு 1,610 கோடி டாலர்.

இதற்கு நடுவே, 2010-இல் நார்வே நூறு கோடி டாலர் வரை தருவதாக ஒப்பந்தம் போட, 2011-இல் அதிபர் யுதோயோனோவின் அரசு பழமையான காட்டிலும் சதுப்பிலும் புதிய உரிமம் தருவதை நிறுத்தியது. நல்ல முடிவுதான். ஆனால் ஏற்கெனவே கொடுத்த உரிமங்களுக்கு அது பொருந்தாது. ஒருமுறை மரம் எடுத்து, பின் வளர்ந்த காடுகளும் அதில் இல்லை. உண்மையான மாற்றம் 2015 தீக்குப் பிறகு வந்தது. 2016-இல் சதுப்பை மீட்கத் தனி அமைப்பு ஏற்படுத்தி வாய்க்கால்களை அடைக்கத் தொடங்கினார்கள். உரிமத் தடை 2019-இல் நிரந்தரமானது. அதன்பின் சில ஆண்டுகள் பழமையான காடுகளின் இழப்பு நன்றாகவே குறைந்தது.

நார்வே பணம் என்னாயிற்று? சாதித்துக் காட்டியும் காசு வரவில்லை என்று 2021-இல் இந்தோனேசியா ஒப்பந்தத்தையே முறித்தது. மறு ஆண்டு புது ஒப்பந்தம் போட்டபின் வந்தது 5.6 கோடி டாலர். எண்ணெய், எரிவாயு விற்றுச் சம்பாதிக்கும் நாடு காட்டைக் காக்கச் சொல்லித் தரும் பணம் இவ்வளவு இழுபறியில் வந்தால், வாங்குகிறவருக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். 2020-இல் உணவுப் பாதுகாப்பு என்ற பெயரில் அதே மத்திய கலிமந்தான் நிலத்தின் ஒரு பகுதியில் மறுபடி நெல் திட்டம் வந்தது. வங்கியையோ வியாபாரியையோ கட்டிப்போடாமல், உத்தரவை மட்டும் நம்பிய கொள்கையை அடுத்த உத்தரவு தள்ளிவிட முடியும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் தேட வேண்டாம்.

கோஸ்டாரிகா: எல்லோரும் மேற்கோள் காட்டும் நாடு

கருத்தரங்குகளில் கோஸ்டாரிகா பெயர் வராமல் போகாது. 1980-களில் நாட்டின் பரப்பில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிய காடு இன்று பாதிக்கு மேல். 1996-ஆம் ஆண்டு வனச் சட்டம் காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதைத் தடை செய்தது. அதோடு, காட்டை வைத்திருக்கும் நில உரிமையாளருக்குக் கரிமம், தண்ணீர், உயிரினம், இயற்கை அழகு என நான்கு சேவைக்கும் சேர்த்துப் பணம் தரும் திட்டமும் வந்தது. பணம் பெட்ரோல், டீசல் வரியில் ஒரு பங்கிலிருந்து. ஹெக்டேருக்கு ஆண்டுக்கு அறுபது, எழுபது டாலர் அளவில்.

இந்தப் பணம்தான் காட்டைத் திரும்பக் கொண்டுவந்தது என்று சொல்வது மிகை. காடு திரும்பத் தொடங்கியது அதற்கு முன்பே. 1980-களில் மாட்டிறைச்சி ஏற்றுமதி விலை சரிந்தது, மாட்டுப் பண்ணைக்கு அரசு கொடுத்த மலிவுக் கடன் நின்றது, மேய்ச்சல் நிலங்கள் அப்படியே விடப்பட்டன. பணம் வாங்கியவர்களில் பலர் எப்படியும் வெட்டியிருக்க மாட்டார்கள் என்று ஆரம்ப ஆண்டுகளைப் பார்த்த ஆய்வுகள் சொல்கின்றன. என் கணிப்பில் அந்தப் பணம் செய்த வேலை வேறு: வெட்டத் தடை என்ற கடுமையான சட்டத்தை நில உரிமையாளர்கள் முணுமுணுக்காமல் ஏற்க வைத்தது. அதுவும் சின்ன வேலை இல்லை. ஆனால் மேய்ச்சலுக்குக் கடன் நின்றபோதே பாதிக் காரியம் முடிந்துவிட்டது. பாரகோமினாஸ்போல இங்கேயும் வங்கிதான். இன்னொரு வேடிக்கை, அந்த நாடு மின்சார வாகனத்துக்கு மாற மாற எரிபொருள் வரி குறையும். காட்டுக்கான பணமும் குறையும்.

பெலேம் நகரில் 2025 நவம்பரில் நடந்த பருவநிலை மாநாட்டில் பிரேசில் தொடங்கிவைத்த வெப்பமண்டலக் காடுகளுக்கான நிதி, நிற்கும் காட்டுக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு சுமார் 4 டாலர் தரப்போகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு பழங்குடி, உள்ளூர் சமூகங்களுக்கு. கோஸ்டாரிகா தரும் தொகையோடு ஒப்பிட்டால் இது எந்த மூலைக்கு?

பழங்குடி என்றதும் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். செயற்கைக்கோள் படங்களை வைத்து நிலப் பயன்பாட்டைக் கணக்கெடுக்கும் மேப்பயோமாஸ் அமைப்பின் கணக்கின்படி, 1990 முதல் 2020 வரையிலான முப்பது ஆண்டுகளில் பிரேசிலின் பழங்குடி நிலங்கள் இழந்த இயற்கைத் தாவரப் பரப்பு ஏறத்தாழ ஒரு சதவீதம். தனியார் நிலங்களில் இருபதுக்கு மேல். இந்தோனேசியாவின் அரசியல் சாசன நீதிமன்றம் 2013-இல் மரபுவழிக் காடுகள் அரசுக் காடு அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. நமக்கு 2006-இன் வன உரிமைச் சட்டம் உண்டு. இரண்டும் நடைமுறையில் நொண்டுகின்றன.

இந்தியா: எது காடு?

இந்தியாவில் வெட்டுவதை நிறுத்திய பெரிய நடவடிக்கை நீதிமன்றத்திலிருந்து வந்தது. அது தொடங்கிய இடம் நீலகிரியின் கூடலூர். அங்கே காடு வெட்டப்படுவதை எதிர்த்து நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 12 உத்தரவு, காடு என்பதற்கு அகராதி என்ன பொருள் சொல்கிறதோ அதுவே பொருள், நிலம் யார் பெயரில் இருந்தாலும் சரி என்றது. மத்திய அரசின் அனுமதியில்லாத காடு சாராத வேலைகளை நாடெங்கும் நிறுத்தியது. 2023-இல் வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி இந்த வரையறையைச் சுருக்கப் பார்த்தார்கள். 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், இப்போதைக்குப் பழைய பொருளையே பின்பற்றுங்கள் என்று இடைக்கால உத்தரவு போட்டது.

கணக்கெடுக்கும்போது மட்டும் வேறு வரையறை. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடத்தில் மரத்தழை பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் இந்திய வன ஆய்வு நிறுவனத்துக்கு அது காட்டுப் பரப்பு. மாந்தோப்பு, தென்னந்தோப்பு, தைலமரத் தோட்டம் எல்லாம் அதில் அடக்கம். 2023-ஆம் ஆண்டு அறிக்கையின்படி காட்டுப் பரப்பு 7,15,343 சதுர கி.மீ., நாட்டின் நிலத்தில் 21.76 சதவீதம். தனி மரங்களையும் சேர்த்தால் 25.17. முந்தைய அறிக்கையைவிடக் காட்டுப் பரப்பு 156 சதுர கி.மீ. கூடியிருக்கிறது. 2030-க்குள் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கரியமில வாயுவை மரங்களில் சேர்ப்போம் என்பது நம் சர்வதேச வாக்குறுதி. 229 கோடி டன் ஏற்கெனவே எட்டியாயிற்று என்கிறது அதே அறிக்கை.

அந்த 156 என்பது நிகரக் கணக்கு. ஒரு மலைச் சரிவில் போன சோலைக்காடும், சமவெளியில் வந்த சவுக்குத் தோப்பும் கழித்துக் கூட்டிய பிறகு மிஞ்சும் எண். பிரேசிலின் புரோடெஸ் இந்த வேலையைச் செய்வதே இல்லை. போனது எவ்வளவு என்று மட்டும் சொல்லும், அதில் எதையும் ஈடுகட்டாது. அதனால்தான் ஒரு அதிபருக்கு அந்த எண் குத்தியது. நம் எண் யாரையும் குத்துவதில்லை.

ஈடுகட்டும் நினைப்பு நம் சட்டத்திலேயே இருக்கிறது. காட்டைச் சுரங்கத்துக்கோ சாலைக்கோ கொடுத்தால் பணம் கட்டி வேறு இடத்தில் மரம் நட வேண்டும். 2019-இல் மத்திய அரசு இப்படிச் சேர்ந்த பணத்தில் 47,000 கோடி ரூபாய்க்கு மேல் மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. அவ்வளவு பெரிய தொகை சேர எவ்வளவு காடு போயிருக்க வேண்டும்! கிரேட் நிகோபார் தீவில் சுமார் 130 சதுர கி.மீ. மழைக்காட்டை எடுக்க அனுமதி கொடுத்தபோது, ஈட்டுக்கு மரம் நடச் சொன்ன இடம் ஹரியானா.

பிரேசிலிலிருந்து இங்கே எடுத்துக்கொள்ளக்கூடியவை இரண்டு இருக்கின்றன, இரண்டுக்கும் பெரிய செலவு கிடையாது. வன ஆய்வு அறிக்கையில் இயற்கைக் காட்டுக்கும் தோட்டத்துக்கும் தனித்தனிப் பத்தி போட்டு, மாவட்ட வாரியாகப் போனதை மட்டும் ஆண்டுதோறும் வெளியிடலாம். செயற்கைக்கோளும் ஆட்களும் ஏற்கெனவே இருக்கிறார்கள். இரண்டாவது, காட்டு நிலத்தை எடுக்கும் திட்டங்களுக்குக் கடன் தரும் வங்கிகளை இதில் இழுப்பது. பிரேசிலில் ஒரு பண்ணையாளரிடம் கேட்ட சான்றை இங்கே ஒரு சுரங்க நிறுவனத்திடம் கேட்க வேண்டியிருக்கும். ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் அதற்கு ஆரம்பம் ஆகிவிடும்.